இழை: ஆல்ப்ஸ் நெடுநடை – முழு வட்டமும் நடந்தே ஆக வேண்டுமா?

அடையாறு_நடையர்

வணக்கம். நானும் மனைவியும் 50 தாண்டியவர்கள். அடுத்த ஜூலையில் இரண்டு வாரம் விடுப்பு போட்டு ஆல்ப்ஸ் மலையில் ஒரு நீண்ட நடை போகலாம் என்று இருக்கிறோம். எங்கு தேடினாலும் முதலில் வருவது டூர் து மோன் பிளாங், சுருக்கமாக டிஎம்பி. மோன் பிளாங் மலைத்தொகுதியைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றிலும் சுமார் 170 கி.மீ. மொத்த ஏற்றம் 10,000 மீட்டர் பக்கம் வருகிறது. வழக்கமாக 10, 11 நாள் என்கிறார்கள்.

நடப்பது பழக்கம்தான். ஆனால் சென்னையில் ஏற்றம் எங்கே இருக்கிறது? மனைவிக்கு இறக்கத்தில் இடது முட்டி கொஞ்சம் பேசும். அவர் சைவம், முட்டையும் கிடையாது. என் கேள்வி: டிஎம்பி முழுதாகப் போகலாமா? முடியாத பகுதியை விட்டுவிட்டு மற்றதை நடக்கலாமா? இல்லை, வேறு பாதை ஏதாவது எங்களுக்குப் பொருந்துமா?

மேட்டுப்பாளையம்_மணி

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் போனால் முழுதாகப் போங்கள் சார். அது வட்டப்பாதை. லே ஊஷ் ஊரில் காலை வைத்து, இடஞ்சுழியாக மலையைச் சுற்றி, திரும்ப லே ஊஷ் வந்து சேருவதுதான் அதன் அழகே. பாதியில் பேருந்து ஏறினால் அது சுற்றுலா, நடை இல்லை.

பயப்பட ஒன்றும் இல்லை. உயரம் குறைவு. பாதையின் உச்சமே 2,665 மீட்டர், அதுவும் மாற்றுவழியில் போனால்தான். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். அங்கே மூச்சு வாங்கும், தலைவலி வரும், இரவில் தூக்கம் பிடிக்காது. இங்கே அந்தத் தொல்லை கிடையாது. வழிகாட்டி வேண்டாம், அனுமதிச் சீட்டு வேண்டாம், நுழைவுக் கட்டணமும் இல்லை. வழியில் படுக்கையும் சாப்பாடும் தருகிற மலைக்குடில்கள் இருப்பதால் கூடாரம், அரிசி, ஸ்டவ் எதையும் சுமக்க வேண்டாம். முதுகில் 7, 8 கிலோ போதும்.

பயிற்சிக்கு வெள்ளியங்கிரி போங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை ஏற விடுவார்கள், ஜூலை நடைக்குச் சரியான நேரம். ஏழாவது மலை வரை ஏறி அதே நாளில் இறங்கிப் பாருங்கள். மறுநாள் காலை படியிறங்க முடிந்தால் ஆல்ப்ஸும் முடியும்.

தூத்துக்குடி_ராஜ்

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். ஒரு ராத்திரி படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு 60, 70 யூரோ கொடுத்து, பத்துப் பேர் வரிசையாகப் படுக்கிற மெத்தையில் யாரோ விடுகிற குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடப்பதற்கு ஐரோப்பா வரை போகணுமா? அந்தக் காசில் உத்தரகண்டில் இரண்டு ட்ரெக் போய் வரலாம்.

மேட்டுப்பாளையம்_மணி

ராஜ், அந்தக் குறட்டையும் சேர்த்துத்தான் 70 யூரோ. காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பேர்ன்_வாசுகி

வணக்கம் அண்ணா. நான் சுவிஸில் வளர்ந்த ஆள். அப்பா அம்மா 80களில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். அப்பா கனகாலம் ஒரு மலை ஊர் ஓட்டலில் சமையலறையில் வேலை செய்தவர். அதால் எங்களுக்கு மலை என்றால் முதலில் பாத்திரம் கழுவுகிற இடம், பிறகுதான் நடக்கிற இடம். இப்ப கோடை முழுக்க நடை.

மணி அண்ணா சொன்னதில் பாதிக்குத்தான் நான் உடன்பாடு. இமயமலையில் ஒரு பள்ளத்தாக்குக்குள் போனால் போனதுதான். ஆல்ப்ஸ் அப்படி இல்லை. ஒவ்வொரு கணவாய் தாண்டினதும் கீழே ஒரு ஊர், அந்த ஊரில் ஒரு பஸ், கனக்க இடங்களில் மேலே இருந்து இறங்க ரோப்கார். இந்த மலையின்ர குணமே அதுதான். அதைப் பாவிக்காமல் விடுகிறது வீரம் இல்லை, இருக்கிற வசதியை வீணாக்கிறது.

இன்னொன்று. உயரம் இல்லை என்று சொல்லி ஆளை ஏமாத்தக்கூடாது. இங்கே ஆளைக் கொல்லுறது இறக்கம். கடைசி நாளைப் பாருங்கோ. ப்ரேவான் உச்சி 2,525 மீட்டர், லே ஊஷ் சுமார் 1,000 மீட்டர். ஒரே இறக்கமாக 1,500 மீட்டர். பத்து நாள் நடந்த முட்டியோட. அக்காவுக்கு முட்டி பேசும் என்கிறீங்கள், அண்டைக்கு அது கத்தும்.

பனிமான்

வாசுகி சொன்னதற்கு எண்களோடு ஒரு பின்பாட்டு.

டிஎம்பியில் முட்டியைப் பதம் பார்க்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, இத்தாலியில் கூர்மாயர் ஊருக்கு இறங்குவது. பனிச்சறுக்குச் சரிவுகளை ஒட்டி, வேர்களும் புழுதியுமான காட்டுப் பாதை. ரோப்காரும் நாற்காலித் தூக்கியும் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டாவது, சுவிஸ் ஊரான ஷாம்பேயிலிருந்து ஃபெனெத்ர் தார்பெத் கணவாய் வழியாகப் போனால் த்ரியான் பக்கம் இறங்குவது. மேலே பெரிய பாறைக் குவியல்களில் கையும் ஊன்றித்தான் நகர முடியும். இது மாற்றுவழி, 2,665 மீட்டர். மேய்ச்சல் நிலம் வழியாகப் போகிற சாதாரண வழி இதைவிட மிகவும் சுலபம். அதில் போனால் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது, வாசுகி சொன்ன கடைசி நாள்.

ஒரு வேடிக்கை: மேற்குப் பக்கத்து மாற்றுவழியான கோல் தே ஃபூர் கணவாயும் அதே 2,665 மீட்டர்தான். பாதையின் "உச்சம்" என்று இரண்டையுமே சொல்லலாம். இரண்டுமே மூலப் பாதையில் இல்லை.

மணிக்கு ஒரு கேள்வி. முழு வட்டம் என்கிறீர்கள். எந்த வட்டம்? ஏறக்குறைய ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வழி இருக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் சோஸ்யூர் 1767இல் இந்த மலையைச் சுற்றி வந்தார். மோன் பிளாங் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக 1760லேயே அறிவித்தவர் அவர்தான். 1786இல் பால்மாவும் பக்காரும் ஏறிக் காட்டினார்கள். அவர் சுற்றியபோது அந்தப் பக்கம் கோவேறு கழுதைப் பாதைகளும் மேய்ப்பர் தடங்களும்தான். இன்று நாம் "மூலப்பாதை" என்று சொல்வதெல்லாம் பின்னால் சேர்த்துக் கட்டியது.

மேட்டுப்பாளையம்_மணி

பனிமான், வழக்கறிஞர் மாதிரி பேசாதீர்கள். எந்த மாற்றுவழியில் போனாலும் காலால் சுற்றினால் வட்டம். நான் சொல்வது அவ்வளவுதான்.

பேருந்து ஏறினால் பாதை கையை விட்டுப் போகிறது என்பது என் அனுபவம். ஒரு கணவாய் ஏறும்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் நேற்று தாண்டிய கணவாய் தெரியும். முந்தாநாள் தூங்கிய குடில் ஒரு புள்ளியாகத் தெரியும். கோல் த லா சேன்யு, 2,516 மீட்டர், அதுதான் பிரான்ஸ்-இத்தாலி எல்லை. அங்கே நின்றால் ஒரு பக்கம் நடந்து வந்த பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் நாளைக்கு நடக்கப் போகிற வால் வேனி பள்ளத்தாக்கு முழுக்க. ஆளைக் கொண்டு போய் அங்கே இறக்கி விட்டால் அந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம்?

பேர்ன்_வாசுகி

அண்ணா, சேன்யு கணவாயில் ஆரும் பஸ்ஸில் கொண்டு போய் இறக்க முடியாது. அங்க பஸ் இல்லை :) நான் விடச் சொல்லுறது நல்ல நடையை இல்லை. தார் ரோட்டை. லே ஷாப்பியூவில் இருந்து வில் தே க்ளாசியே வரைக்கும் கிட்டத்தட்ட ரோட்டுத்தான். கோடையில் அங்க ஒரு சின்ன பஸ் ஓடும். அதில ஏறிப் போனால் அண்டைக்குச் சேன்யு கணவாயைப் பதட்டப்படாமல் ஏறலாம். பின்னேர இடி மழைக்கு முன்னம் அங்கால இறங்கவும் ஏலும்.

இடி மழை பற்றி ஆரும் கதைக்கவில்லை. ஜூலை, ஆகஸ்ட் எண்டால் காலையில் கண்ணாடி மாதிரி வானம், ரெண்டு மணிக்குக் கறுத்து வரும். கணவாயில், மேட்டில், இரும்பு ஏணியில் அந்த நேரம் நிக்கக் கூடாது. ஆறரைக்கு வெளிக்கிடுங்கோ. இஞ்ச எல்லாரும் அப்படித்தான்.

சைவப்பூனை

உணவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். முட்டையும் இல்லாத சைவர் ஒருவரோடு நடந்தவள் நான், எனவே கவனமாகக் கேளுங்கள்.

குடில்களில் இரவு உணவு எல்லாருக்கும் ஒன்றுதான். ஏழு மணிக்கு மணி அடித்தால் நீளமான மேசையில் உட்கார வேண்டும். முதலில் சூப்பு, அப்புறம் ஒரு முக்கிய உணவு, கடைசியில் ஏதாவது இனிப்பு. மெனு என்று ஒரு அட்டை வராது. அதனால் முன்பதிவு செய்யும்போதே "இறைச்சி, மீன், முட்டை இல்லை" என்று எழுதி விடுங்கள். வெறுமனே "வெஜிடேரியன்" என்றால் ஆம்லெட் வந்து நிற்கும். அன்று மதியம் போன் செய்து இன்னொரு முறை சொல்வது நல்லது. எல்லாக் குடிலுக்கும் பொருள்கள் வண்டியில் வருவதில்லை, சிலவற்றுக்கு ஹெலிகாப்டரில் வருகின்றன. கடைசி நிமிடத்தில் கேட்டால் அவர்களால் உருளைக்கிழங்கைத்தான் தர முடியும்.

இத்தாலிப் பக்கம் பொலென்டா கிடைக்கும். மக்காச்சோள மாவுக் களி, மேலே உருக்கிய சீஸ். நம் வயிற்றுக்கு ஒத்துப்போகும். சுவிஸ் பக்கம் ரோஸ்டி, உருளைக்கிழங்கைத் துருவி வறுத்தது. முட்டையை மேலே வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். சீஸில் ஒரு சங்கதி: அந்த மலைப் பகுதிகளின் பாரம்பரியச் சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பார்கள். பாதை ஓரத்திலேயே செய்கிற போஃபோர் சீஸும் அந்த வகைதான். கடும் சைவர் என்றால் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். என்னோடு வந்தவர் தெரிந்த பிறகு ரொட்டியும் ஜாமும் என்று காலம் தள்ளினார். அவரிடம் நான்கு எலுமிச்சை ஊறுகாய் பொட்டலம் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து மேசையில் ஒரு ஜெர்மன்காரர் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பருப்புப் பொடி ஒரு டப்பா எடுத்துப் போகச் சொல்லுங்கள். எதன்மேல் தூவினாலும் உள்ளே இறங்கும்.

அடையாறு_நடையர்

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார். பருப்புப் பொடிக்கு அவர் ஏற்கெனவே சரி சொல்லிவிட்டார். சீஸ் விஷயத்தில் முகம் மாறியது.

குடில் வாழ்க்கை எப்படி என்று கொஞ்சம் சொல்லுங்கள். 70 யூரோ கொடுத்து என்ன எதிர்பார்க்கலாம்?

பனிமான்

வாசலில் ஷூ, குச்சி எல்லாவற்றையும் வைத்துவிட வேண்டும். உள்ளே போட ரப்பர் செருப்புகள் ஒரு கூடையில் கிடக்கும், இரண்டும் ஒரே அளவில் கிடைப்பது அதிர்ஷ்டம். படுக்கை பெரும்பாலும் பொது அறையில், மேல் கீழாக வரிசை மெத்தைகள். கம்பளி அவர்கள் தருவார்கள். அதற்குள் விரித்துப் படுக்க மெல்லிய உறைப்பை நீங்கள் கொண்டு போக வேண்டும், அது கட்டாயம். குளிக்க டோக்கன் வாங்கினால் சில நிமிடம் வெந்நீர் வரும், சோப்பு போட்டு முடிப்பதற்குள் நின்றுபோவதும் உண்டு. சில குடில்களில் வெந்நீரே கிடையாது. இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும். ஐந்தரைக்கே யாராவது பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று நோண்ட ஆரம்பிப்பார்கள். அதனால் பையை ராத்திரியே கட்டி வைத்துவிடுங்கள், நம்மால் மற்றவர் தூக்கம் கெட வேண்டாம்.

ரொக்கம் வையுங்கள். சுவிஸ் பக்கம் பிராங்க். இன்னொன்று, ஐரோப்பிய சிம் என்று வாங்கும்போது அதில் சுவிட்சர்லாந்தும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த நாடு ஷெங்கன் விசாவுக்குள் வரும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வராது. எல்லைக் கணவாயைத் தாண்டியதும் நெட் நின்று போனதாகப் புலம்பிய பலரைப் பார்த்திருக்கிறேன்.

விசா எந்தத் தூதரகத்தில் என்றால், அதிக இரவுகள் தங்குகிற நாட்டுக்கு. காப்பீட்டில் 30,000 யூரோ கட்டாயம் என்பது எல்லாருக்கும் தெரியும். மலை மீட்பு அதில் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று படித்துப் பாருங்கள். பிரான்ஸில் மலையிலிருந்து மீட்பதற்குப் பொதுவாகக் காசு கேட்க மாட்டார்கள். சுவிஸில் ஹெலிகாப்டர் வந்தால் பில்லும் வரும்.

தூத்துக்குடி_ராஜ்

பார்த்தீர்களா, செருப்பு கூட ஜோடியாக இல்லை.

சரி, கிண்டலை விடுகிறேன். ஒரு நிஜக் கேள்வி. இப்போது அங்கே பனியாறு சரிகிறது, ஊர் மூழ்குகிறது என்று செய்தி வருகிறதே. பாதை பாதுகாப்பா?

பனிமான்

நல்ல கேள்வி. 2025 மே 28 அன்று சுவிஸின் லோட்சன் பள்ளத்தாக்கில் பிர்ச் பனியாறு மேலே விழுந்த பாறைகளின் எடை தாங்காமல் உடைந்து, பிளாட்டன் என்கிற ஊரையே மூடிவிட்டது. ஒன்பது நாள் முன்பே 300 பேர் அளவில் ஊரைக் காலி செய்து வைத்திருந்ததால்தான் பெரிய உயிர்ச்சேதம் தப்பியது. அதற்கு முன்னால் 2017 ஆகஸ்டில் இத்தாலி எல்லை ஓரம் பிட்ஸ் செங்காலோ சரிந்தபோது, கீழே பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்த எட்டுப் பேர் மறைந்தே போனார்கள். அவர்கள் நெடுநடைக்காரர்கள்தான், மலையேறிகள் இல்லை. 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன.

உயரத்தில் பாறை இடுக்குகளில் உறைந்து கிடக்கும் நீர்தான் பல சரிவுகளைப் பிடித்து வைத்திருந்தது. அது இளகுகிறது. அதனால் பாதைகளை மூடுவதும் மாற்றுவதும் இப்போது சாதாரணம். செர்மாட் பக்கத்து ஐரோப்பாவெக் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ராண்டா ஊருக்கு மேலே கல் விழுகிற சரிவைத் தாண்ட 2010இல் ஒரு தொங்குபாலம் கட்டினார்கள். கல் விழுந்தே அது கெட்டுப்போனது. 2017இல் இன்னும் கீழே 494 மீட்டர் நீளத்துக்குப் புதிய பாலம் கட்டித் திறந்தார்கள். மோன் பிளாங் அடிவாரத்து ஊரான ஷாமோனியிலிருந்து செர்மாட் போகும் ஓட் ரூட் நடையில் அந்தப் பாலம் வரும்.

பயந்து வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. டிஎம்பி பனியாறு எதன்மேலும் போவதில்லை. ஆனால் "மூடப்பட்டது" என்று பலகை இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். நேற்று ஒருவர் போனார் என்பதெல்லாம் கணக்கில் வராது. மணி, மன்னிக்கவும், இந்த இடத்திலும் உங்கள் முழு வட்டம் அடிபடுகிறது. மலையே கோட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது, கோட்டை விடாமல் நடந்தேன் என்று யாரிடம் சொல்வது?

மேட்டுப்பாளையம்_மணி

அதிகாரிகள் மூடியதற்காகச் சுற்றிப் போவது வேறு, சோம்பலில் பேருந்து ஏறுவது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பனியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஜூலை முதல் வாரம் வரை கணவாய்களின் வடக்குச் சரிவில் பழைய பனித் திட்டுகள் கிடக்கும். காலையில் அது கண்ணாடி, சறுக்கினால் கீழே பாறை. ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பின் கிளம்புங்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது அதே பாதையில் யுடிஎம்பி ஓட்டப் பந்தயம், 2003லிருந்து நடக்கிறது. ஷாமோனியில் படுக்க இடம் கிடைக்காது, பாதையில் ஆயிரக்கணக்கான பேர் ஓடுவார்கள். செப்டம்பர் முதல் பாதி அருமையாக இருக்கும், ஆனால் நடுப்பகுதிக்குப் பின் குடில்களை ஒவ்வொன்றாகப் பூட்ட ஆரம்பிப்பார்கள்.

முன்பதிவை இப்போதே தொடங்குங்கள். அடுத்த கோடைக்கான இடங்களை இலையுதிர் காலத்திலேயே பல குடில்கள் திறந்துவிடும். நல்ல குடில்கள் சீக்கிரம் நிறைந்துவிடும்.

அடையாறு_நடையர்

முன்பதிவில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு முக்கியமான இடங்கள் எங்கள் தேதிகளில் இப்போதே இல்லை. கூடாரம் போடலாமா?

பேர்ன்_வாசுகி

கண்ட இடத்தில் போட ஏலாது. மூன்று நாடு, மூன்று சட்டம். இத்தாலியில் ஆவோஸ்டாப் பக்கம் 2,500 மீட்டருக்குக் கீழே தடை. சுவிஸ் வாலே மாநிலத்திலும் விட மாட்டினம். லா ஃபூலி, ஷாம்பே போன்ற ஊர்களில் முறையான கூடாரத் திடல் இருக்கு. ஆனால் 50 வயதில் கூடாரமும் தூக்கி 10,000 மீட்டர் ஏறச் சொல்லி நான் சொல்ல மாட்டன்.

இடம் இல்லை என்றால் பாதையைக் குறை சொல்லாமல் வேறு பாதை பாருங்கோ. சுவிஸ் வியா ஆல்ப்பினா 1 என்று ஒன்று இருக்கு. லீக்டன்ஸ்டைனில் வடூஸில் தொடங்கி மோன்த்ரூ வரைக்கும், சுமார் 390 கி.மீ, 20 நாள் கட்டங்கள், 14 கணவாய். ஆரும் முழுக்க ஒரேயடியாக நடக்கத் தேவையில்லை. இரவு அநேகமாக ஊரில்தான் முடியும். ஓட்டல், சின்னத் தங்குமிடம், கடை, பஸ் எல்லாம் இருக்கும். குடிலுக்காக ஆறு மாதம் முன்னம் அடிபடத் தேவையில்லை.

அதில் நடுத்துண்டைப் பிடியுங்கோ. மைரிங்கனில் இருந்து கிரின்டல்வால்ட், லாவ்டர்புருன்னன், கிரீஸ்ஆல்ப், காண்டர்ஸ்டேக், ஆடல்போடன், லெங்க். ஐகர் மலையின்ர செங்குத்துச் சுவரை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். கஷ்டமான நாள் ஒன்றுதான்: கிரீஸ்ஆல்ப்பில் இருந்து ஹோத்தூர்லி கணவாய். 2,778 மீட்டர், இந்தப் பாதையின்ர உச்சம். ஏறுகிறது 1,370 மீட்டர், காண்டர்ஸ்டேக் வரை இறங்குகிறது 1,600. மேலே மரப்படிகள், கரிய சல்லிக்கல், கால் வைத்தால் பின்னுக்குச் சறுக்கும். ஏறி முடித்தால் பக்கத்திலேயே புளூமிலிசால்ப் குடில், அங்கே படுத்துவிட்டு மறுநாள் இறங்கலாம். இறங்குகிற வழியில் ஓஷினன் ஏரி. ஏரிக்குக் கிட்ட இருந்து ஊருக்குக் கீழே ரோப்கார். அக்கா அதில் ஏறினால் முட்டி வாழ்த்தும்.

அந்த நாளே வேண்டாம் என்றால் கிரீஸ்ஆல்ப்பில் இருந்து தபால் பஸ் இருக்கு. 28 சதவீதச் சரிவில் வளைஞ்சு வளைஞ்சு இறங்கும். பஸ்ஸில் இருந்தே நெஞ்சு அடிக்கும், அதையும் ஒரு சாகசமாக எழுதிக்கொள்ளலாம். கீழே ரயில் பிடிச்சால் அண்டைக்கே காண்டர்ஸ்டேக்.

சைவப்பூனை

வாசுகி சொல்வதற்கு என் ஓட்டு. ஊரில் தங்கினால் சூப்பர் மார்க்கெட் இருக்கும். தயிர், ரொட்டி, தக்காளி, பழம். சைவருக்கு அது பெரிய நிம்மதி.

பனிமான்

சுவிஸ் பாதைகளின் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, நல்ல ஷூவும் தலைசுற்றல் இல்லாத தலையும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் ஆல்ப்பைன் பாதை, அது உங்களுக்கு வேண்டாம். பலகையில் தூரம் இருக்காது, நேரம் இருக்கும். "3 மணி 40 நிமிடம்" என்றால் நிற்காமல் நடந்தால் அவ்வளவு. நம் ஊர் ஆட்கள் அதோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்வது நல்லது. பாதைகளைப் பராமரிக்க வேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், 1979இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்திச் சேர்த்தது. நாடு முழுக்க 65,000 கி.மீ. அளவுக்குப் பாதை.

விலங்குகள் பற்றியும் ஒரு வரி. பிரான்ஸ் பக்கம் ஆட்டு மந்தையோடு பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும். ஓடாதீர்கள், குச்சியை ஓங்காதீர்கள், மந்தையை விட்டு நன்றாகச் சுற்றிப் போங்கள். கன்றோடு நிற்கிற பசுவிடமும் அப்படியே. "நம்ம ஊர் மாடுதானே" என்று தடவிக்கொடுக்கப் போகாதீர்கள். கொம்பு வளைந்த ஐபெக்ஸ் ஆட்டைப் பார்த்தால் நின்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அழியும் நிலைக்கு வந்து, இத்தாலியின் கிரான் பாரதீசோவில் அரசரின் வேட்டைக்காடு இருந்ததால் மட்டும் மிஞ்சியது. இன்று ஆல்ப்ஸ் முழுக்க இருப்பவை அங்கே மிஞ்சியவற்றின் வம்சம்.

தூத்துக்குடி_ராஜ்

அரசர் வேட்டையாடுவதற்காகக் காப்பாற்றினார். நல்லா இருக்கு கதை.

பேர்ன் அக்கா, இந்த வடூஸ் பாதைதான் மொத்த ஆல்ப்ஸையும் கடக்கிறதா?

பேர்ன்_வாசுகி

இல்லைத் தம்பி. வியா ஆல்ப்பினா சிவப்புப் பாதை வேறு. அது த்ரியெஸ்தேயில் தொடங்கி மொனாக்கோவில் முடியும், எட்டு நாடு, 161 கட்டங்கள். நாலைந்து மாதம் வேணும், விடுப்பு தருகிற முதலாளியும் வேணும். ஜெனீவா ஏரியில் இருந்து நீஸ் கடற்கரைக்கு ஜிஆர் 5 என்று இன்னொன்று, அது ஒரு மாதம் அளவில்.

அடையாறு_நடையர்

இரவு முழுக்கப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மனைவிக்கு டிஎம்பி மேல் ஆசை, எனக்கு முட்டி மேல் பயம். அதனால் முழு வட்டம் இல்லை. பிரான்ஸ் பக்கத்து லே கோன்டமீன் ஊரில் தொடங்கி, ஷாப்பியூ, சேன்யு கணவாய், கூர்மாயர், கிரான் கோல் ஃபெரே கணவாய், லா ஃபூலி வரை. அது ஆறு நாள். கூர்மாயரில் ஒரு நாள் ஓய்வு. லா ஃபூலியிலிருந்து பேருந்து, ரயில் பிடித்து காண்டர்ஸ்டேக் போய், ஓஷினன் ஏரிப் பக்கம் இரண்டு நாள் சும்மா நடை. குடில் கிடைக்காத இரவுகளில் பள்ளத்தாக்கு ஊரில் தங்கல்.

ஒரே சந்தேகம். கூர்மாயரிலிருந்து வால் ஃபெரே பள்ளத்தாக்கில் அர்னூவா வரை கோடைப் பேருந்து ஓடுகிறதாம். அதில் ஏறினால் நேராகக் கணவாயின் அடியில் இறங்கி, ஒரு நாள் மிச்சம் பிடிக்கலாமா? மணி சார் கோபிக்க வேண்டாம்.

மேட்டுப்பாளையம்_மணி

கோபம் இல்லை. திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, கடைசி நாள் இறக்கத்தைத் தவிர்த்ததும் உங்கள் நிலையில் சரி. ஆனால் அந்த ஒரு பேருந்தில் மட்டும் ஏறாதீர்கள். பேருந்து பள்ளத்தாக்கின் அடியில் போகிறது. பாதை மேலே 2,000 மீட்டரில் பெர்தோனே குடிலிலிருந்து போனாட்டி குடில் வரை மாடித் தாழ்வாரம் போல மட்டமாகப் போகிறது. கூர்மாயரிலிருந்து பெர்தோனே வரை ஏறுவது மட்டும்தான் கஷ்டம், காட்டுக்குள் செங்குத்தாக 750 மீட்டர் அளவு. அதற்கு அப்புறம் எதிரே 4,208 மீட்டர் கிரான்ட் ஜோராஸ் மலை, நாள் முழுக்கக் கூடவே வரும். முழு டிஎம்பியில் எனக்குப் பிடித்த பகுதி அது.

பேர்ன்_வாசுகி

இதில் மணி அண்ணாவோட முழு உடன்பாடு. எதிலாவது ஏற வேணும் என்றால் அதுக்கு முதல் ரோப்காரில் ஏறுங்கோ, கூர்மாயருக்கு இறங்குகிற இடத்தில். அங்கே நடந்து இறங்கினாலும் பார்க்க ஒன்றும் இல்லை, புழுதிதான். ரோப்கார் கடைசியாக எத்தனை மணிக்கு என்று மட்டும் முதலே பார்த்து வையுங்கோ. பின்னேரம் வேளைக்கே நிப்பாட்டிப் போடுவினம்.

போனாட்டி குடில் நிறைஞ்சிருந்தால் பெர்தோனேயில் கேளுங்கோ. ரெண்டும் இல்லை எண்டால் தாழ்வாரம் முழுக்க நடந்துபோட்டு அர்னூவாவுக்கு இறங்குங்கோ. அந்த பஸ்ஸில் பின்னேரம் கூர்மாயருக்கு வந்து படுத்து, காலையில் அதே பஸ்ஸில் திரும்பிப் போய்க் கணவாய் ஏறலாம்.

அடையாறு_நடையர்

அது இன்னும் நல்ல யோசனை. கூர்மாயரில் மூன்று இரவு ஒரே அறை, பையில் பாதியை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையாக நடக்கலாம். இன்றைக்கே அறை தேடுகிறேன். சைவப்பூனை, கூர்மாயரில் முட்டை போடாத பாஸ்தா கிடைக்குமா?

சைவப்பூனை

காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் வெறும் கோதுமைதான், கேட்டுச் சாப்பிடலாம். கையால் செய்த புதுப் பாஸ்தா என்று பெருமையாகச் சொன்னால் அதில் முட்டை இருக்கும், அதை நீங்கள் சாப்பிடுங்கள்.